மேலகரத்தில் நின்றுபோன கடைசி ரீல்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

அப்போதெல்லாம் ஒரு படத்தின் ஒரே பிரதியை இரண்டு தியேட்டர்களில் ஓட்டுவார்கள். தென்காசித் தியேட்டரில் படம் முதலில் தொடங்கும். குற்றாலத்தில் அதற்கு ஒரு மணி நேரம் பிந்தித் தொடங்கும். தென்காசியில் ஓடி முடிந்த ரீல்களைத் தகர டப்பாக்களில் அடைத்து, சைக்கிள் கேரியரில் கட்டி, மேலகரம் வழியாக ஒருவர் குற்றாலத்துக்குக் கொண்டுபோவார். அங்கே அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவற்றை எடுக்கத் திரும்பி வருவார். குற்றாலத்தில் இருந்தது சீசனுக்கு மட்டும் திறக்கும் தகரக் கொட்டகை. அருவியில் தண்ணீர் விழுந்து, வெளியூர் ஆட்களால் லாட்ஜுகள் நிரம்பிய பிறகுதான் அங்கே திரை கட்டுவார்கள்.

அந்தச் சைக்கிளை மிதித்தவர் என் மாமா, அம்மாவின் அண்ணன்.

அம்மா என்னைப் பெற்ற சில மாதங்களில் இறந்துபோனாள். அப்பா, "கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கோங்க மச்சான்" என்று சொல்லி என்னை மாமாவிடம் விட்டுவிட்டுப் பம்பாய்க்கு வேலைக்குப் போனார். அந்தக் கொஞ்ச நாள் பத்து வயது வரை நீண்டது. மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்காகத்தான் என்று தெருவில் சொல்வார்கள். அவர் சொல்லி நான் கேட்டதில்லை. காது குத்தும்போது என்னை மடியில் வைத்துக்கொண்டவர் அவர்தான். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டவரும், மண்டை வலிக்கும் அளவுக்கு இறுக்கி இரட்டைச் சடை பின்னிவிட்டவரும் அவர்தான். அவர் சட்டையில் எப்போதும் பழுத்த வாழைப்பழம் போல ஒரு வாடை இருக்கும். அறுந்த பிலிமை ஒட்டும் பசையின் வாடை அது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வாசனை வந்தால் மாமா தெருமுனைக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

நான் சொல்லவந்த சீசனுக்கு இரண்டு வருடம் முன்னால் ஓர் ஆங்கிலப் படம் வந்தது. விண்வெளியில் சாகசம் செய்யும் ஒரு வீரனின் கதை. அதன் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் தெருவில் அந்தப் பெயரை யாரும் சரியாகச் சொன்னதுமில்லை. யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. ராக்கெட்டும் சண்டையும் புரியும். மீதியை மாமாதான் எனக்குச் சொன்னார். ரீல் மாற்றும் இடைவெளிகளில் தினம் மூன்று காட்சியும் துண்டு துண்டாகப் பார்ப்பவர், ஆங்கிலம் தெரியாதவர். தானே ஒரு கதையைக் கட்டிக்கொண்டார்.

"அந்தப் பய பச்சப்பிள்ளையா இருக்கும்போதே ஒரு ஒடஞ்ச ராக்கெட்டுக்குள்ள கெடந்தான் பாத்துக்கோ. அப்பன் ஆத்தா யாருன்னு தெரியாது. அவன ஒரு பழைய இரும்புக்காரன் எடுத்து வளக்குதான்."

"ஆகாசத்துல எதுக்கு மாமா இரும்புக்காரன்?"

"ஒடஞ்சு கெடக்க ராக்கெட்டையெல்லாம் பொறுக்காண்டாமா? கெரகம் கெரகமாப் போயி, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்னு கத்துவான்."

நான் பல வருடங்கள் இதை நம்பினேன். இரும்புக்காரனின் கப்பல் ஓர் ஓட்டைக் கப்பல். அதன் கதவு உள்ளேயிருந்து சாத்தாது. ஒவ்வொரு முறையும் இரும்புக்காரன் கீழே இறங்கி, வெளியே நின்று கதவைத் தோளால் முட்டிச் சாத்திவிட்டு, கூரையில் இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே வருவான். அதற்குத் தியேட்டரே சிரிக்கும். பையன் உள்ளேயிருந்து கதவைப் பிடித்து இழுத்து உதவப் பார்ப்பான். இரும்புக்காரன் கத்துவான். அந்தக் கத்தலை மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்று நடித்துக் காட்டுவார். சாரல் காலத்தில் எங்கள் கதவும் ஊறிப்போய்ச் சாத்தாது.

"கைய எடு மூதி, நசுங்கிரும்!"

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். "இன்னொருக்க மாமா, இன்னொருக்க."

முதல் பாகத்தின் முடிவில், வெகு தூரத்தில் ஒரு கிரகம் வெளிச்சமாக மின்னும். பையன் வளர்ந்து, பெரிய சக்தி பெற்ற வீரனாகி, அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுடைய சொந்த அப்பா அங்கே இருக்கிறார் என்றார் மாமா. "அடுத்த பாகத்துல வருவாரு."

அறுந்துபோன பிலிமிலிருந்து ஒரு துண்டை மாமா எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இரும்புக்காரன் கைக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கும் காட்சி. பியூஸ் போன பல்பின் உள்பகுதியை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி, அதன் முன்னால் துண்டைப் பிடித்து, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பினால், சுவரில் தொங்கும் மாமாவின் வேட்டியில் இரும்புக்காரன் தலைகீழாகத் தெரிவான். துண்டைத் திருப்பிப் பிடித்தால் நேராவான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைத்தான் செய்துகொண்டிருப்பேன்.

இரண்டாம் பாகம் தென்காசிக்கு வந்த அதே சீசனில்தான் என் அப்பாவும் வந்தார்.

கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். சட்டையில் பவுடர் வாசனை. லேஸ் வைத்த வெள்ளைக் கவுன் ஒன்று வாங்கி வந்திருந்தார். குற்றாலத்தில் லாட்ஜில் தங்கிக்கொண்டு தினமும் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைக் கூட்டிப்போக வந்திருப்பதாக முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இங்கிலீஷ் ஸ்கூல்ல சேர்க்கறேன் மச்சான். பெரிய ஸ்கூல். இவளுக்கு இங்க என்ன இருக்கு?"

மாமா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு ஓர் அறைதான். கூரை ஒழுகும் இடத்தில் எப்போதும் ஒரு வாளி இருக்கும். அந்த வாளியை அவர் காலால் மெதுவாகச் சுவரோரம் தள்ளியது நினைவிருக்கிறது.

"பிள்ளகிட்ட கேளும் மாப்ள. அவ என்ன சொல்லுதாளோ அதுதான்."

பக்கத்து வீட்டுச் சித்தி அன்று மாலை மாமாவிடம் பேசினாள். நான் உள்ளே தூங்குவதாக நினைத்திருப்பார்கள்.

"அண்ணாச்சி, நாஞ் சொல்லுதேன்னு வருத்தப்படாதிய. பொட்டப்பிள்ள இன்னும் ரெண்டு மூணு வருசத்துல பெரிய மனுசி ஆயிருவா. ஒத்த ஆம்பளை இருக்க வீட்டுல வச்சு என்ன செய்விய?"

"அதத்தான் தங்கச்சி நெனச்சுக்கிட்டே இருக்கேன். சடை பின்னுதேன், சோறு பொங்குதேன். அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்?"

"அப்பன் கூப்புடுதாரு. படிப்பும் கெடைக்கும். அனுப்பிருங்க."

"அவளா போணும். நான் அனுப்பி அவ போனான்னு இருக்கப்பிடாது."

மறுநாள் அப்பா என்னிடம் நேரடியாகக் கேட்டார். "வர்றியாம்மா?" மாமா எதிரில் இருந்தார். பத்து வயதுக்கு அது பெரிய கேள்வி. எனக்கு ஒரு வழிதான் தோன்றியது.

"படம் பாத்துட்டுச் சொல்லுதேன்."

"எந்தப் படம்?"

"ரெண்டாம் பாகம். அவனுக்கு அவன் அப்பா வருவாருல்லா? அவன் அப்பாகூடப் போனா நானும் வாரேன். இரும்புக்காரன்கூட இருந்துட்டா நானும் இங்கனயே இருந்துக்கிடுவேன்."

அப்பா சிரித்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. படம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. அவர் எல்லாக் காட்சியும் பார்த்திருந்தார். "ரெண்டாம் பாகத்துல என்ன மாமா ஆவும்?" என்று இரண்டு நாளாக நான் நச்சரித்தும், ஒன்றுக்கு நாலாகக் கதை சொல்கிறவர் இந்த முறை வாயே திறக்கவில்லை. "நீயே பாரேன்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் குற்றாலம் கூட்டிப்போனார். மழை என்று எழுத வந்தது. சாரல் என்பதே சரி. உடம்பில் விழுவதே தெரியாது, ஆனால் முடி நனைந்திருக்கும். பெண்கள் பக்கம் அருவியில் யாரோ ஓர் அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு குளித்தேன். பிறகு புதுக் கவுனைப் போட்டுக்கொண்டேன். அப்பா நேந்திரங்காய் சிப்ஸும் மங்குஸ்தான் பழமும் வாங்கிக் கொடுத்தார். மங்குஸ்தான் தோலின் கறை கவுனில் பட்டது. ஊதா நிறத்தில் ஒரு கை அளவுக்கு. அது கடைசிவரை போகவில்லை.

மதியக் காட்சி. சேர் டிக்கெட். தலைக்கு மேலே தகரத்தில் சாரல் நுணுக்கமாகச் சத்தமிட்டுக்கொண்டிருந்தது. ஈரத் துண்டுகளும் தேங்காய் எண்ணெயும் பீடியும் கலந்த வாசனை. ஒவ்வொரு முறை ரீல் மாறும்போதும், மாமாவின் சைக்கிள் மணி கேட்டதாக எனக்குத் தோன்றியது. ஒருவேளை கேட்கவும் செய்திருக்கலாம்.

படத்தில் அந்தச் சொந்த அப்பா வந்தார். வெளிச்சக் கிரகத்தின் ராஜா. அவர் கப்பல் கண்ணாடியால் செய்ததுபோல இருந்தது. உடம்பிலிருந்தே வெளிச்சம் வந்தது. மகனுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தார், நட்சத்திரத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இரும்புக்காரன் துருப்பிடித்த கப்பலோடு ஓர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ராஜாவிடம் ஏதோ கத்தினான், தள்ளிவிட்டார்கள். கடைசியில் ராஜா இரண்டு கைகளையும் விரித்தார். வீரன் ஒருமுறை திரும்பி இரும்புக்காரனைப் பார்த்தான். இரும்புக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீரன் ஓடிப்போய் ராஜாவைக் கட்டிக்கொண்டான்.

திரை வெள்ளையானது. கொஞ்ச நேரம் வெள்ளையாகவே இருந்தது. பிறகு கண்ணாடி ஸ்லைடில் கையால் எழுதிய "வணக்கம்" வந்தது. விளக்கைப் போட்டார்கள்.

"பார்த்தியா?" என்றார் அப்பா.

எங்களுக்கு முன்னால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து கத்தத் தொடங்கினார்கள். "ஏலே, கடைசி ரீலு எங்கலே? தென்காசில பாத்தவன் நான், எங்கிட்டயே வணக்கம் போடுதியா?" "காச குடுலே!" ஒரு நாற்காலி விழுந்தது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். அவர் சட்டையைக் கழற்றிக் கேரியரில் இருந்த டப்பாவைச் சுற்றியிருந்தார். மேனேஜர் ஓடிவந்து பனியனைப் பிடித்தார்.

"எங்கவே போனீரு? ரீல எங்கவே வச்சுக்கிட்டிருந்தீரு?"

"பஞ்சர் அண்ணாச்சி. மேலகரத்துல பஞ்சர் ஆயிட்டு."

"பஞ்சரான சைக்கிள்ளதான் ஏறி மிதிச்சுக்கிட்டு வாரீரோ? நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராதியும்."

யாரோ சைக்கிளை எட்டி உதைத்தார்கள். அது சாய்ந்தது. மாமா சைக்கிளைப் பிடிக்கவில்லை, டப்பாவைப் பிடித்தார். அத்தனை பேர் முன்னால் அவர் பனியனோடு நிற்பதைப் பார்த்து அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அப்பாவின் கையிலிருந்து நழுவி ஓடினேன்.

"மாமா, அவன் அப்பாகூடப் போயிட்டாம்லா!"

"போயிட்டானா?"

"ஆமா. கட்டிப்பிடிச்சுக்கிட்டான். நானும் போறேன் மாமா."

மாமா என்னையே பார்த்தார். அவர் முகமெல்லாம் சாரல். அதற்கு மேல் என்னால் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது.

"போ தாயி. நல்லா இரு."

"இன்னும் ஒரு ரீல் இருக்குன்னு கத்துதாவளே, அதுல என்ன மாமா வரும்?"

"அதுலயா? ஒண்ணுமில்ல. வெறும் எழுத்துதான் ஓடும்."

அதற்கு அடுத்த நாளே கிளம்பினோம். மதுரை வரை டாக்ஸி பேசியிருந்தார் அப்பா. தெருவே வந்து நின்றது. எங்கள் தெருவுக்குள் அதற்கு முன் அம்பாசடர் கார் வந்ததில்லை. சித்தி என் தலையில் பிச்சிப்பூ வைத்தாள். மாமா கடைசி முறையாகச் சடை பின்னினார். அன்று இறுக்கவே இல்லை. மதுரை போவதற்குள் அவிழ்ந்துவிட்டது. பிலிம் துண்டைக் காகிதத்தில் மடித்து என் பைக்குள் வைத்தார்.

என் பக்கத்துக் கார்க் கதவு சாத்தவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தேன். டிரைவர், "வெளியிலேருந்து யாராவது தள்ளுங்க" என்றார். மாமா கிட்டே வந்தார்.

"கைய எடு தாயி, நசுங்கிரும்."

தோளைக் கொடுத்து ஒரே தள்ளு. கதவு சாத்திக்கொண்டது. அவருடைய உள்ளங்கை ஈரக் கண்ணாடியில் ஒரு நொடி இருந்தது. கார் நகர்ந்தது.

பம்பாயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா மறுகல்யாணம் செய்திருந்தார். இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. சின்னம்மாவால் சமாளிக்க முடியவில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் தேவைப்பட்டேன். பள்ளிக்கூடம் அடுத்த வருடம் என்றார்கள், பிறகு அதற்கடுத்த வருடம் என்றார்கள். கடைசியில் சேர்த்தார்கள், என்னைவிட இளைய பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். என் அப்பா கெட்டவர் இல்லை. என்னை அடித்ததில்லை. பசியோடு விட்டதில்லை. எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது, அவ்வளவுதான். கவுனைக் கிழித்துக் குழந்தைகளுக்குத் துணியாக்கினார்கள். ஊதாக் கறை இருந்த பகுதி மட்டும் தரை துடைக்கப் போனது. பிலிம் துண்டு எந்த நாளில் காணாமல் போனது என்று தெரியவில்லை. அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

என் கல்யாணத்துக்கு மாமா வந்தார். தாய்மாமன் சீர் என்று ஒரு புடவை கொண்டுவந்தார். அந்த வேலை போனபிறகு செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் இருந்தார். சட்டையில் தேக்குத் தூள் வாசனை வந்தது. நான் தேடிய வாசனை இல்லை.

"நல்லா இருக்கியா தாயி? நல்லாப் படிச்சியா?"

"நல்லா இருக்கேன் மாமா. நல்லாப் படிச்சேன்."

அவர் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்லி அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் இறந்தபோது செய்தி தாமதமாக வந்தது. பதினாறாம் நாளுக்குத்தான் போய்ச்சேர முடிந்தது. சாப்பாட்டுப் பந்தி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, ஒரு வயதானவர் வெற்றிலையை மென்றுகொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குற்றாலத்துக் கொட்டகையில் படம் ஓட்டிய ஆபரேட்டர் அண்ணாச்சி.

"பஞ்சரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல பாப்பா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார்.

"அன்னைக்குக் காலையில எங்கிட்ட வந்தாரு. ‘இன்னைக்கு மதியக் காட்சிக்கு எம்பிள்ள வாரா. அந்தப் பய அப்பனக் கட்டிப்பிடிக்க எடத்தோட படம் நின்னுரணும். வணக்கம் ஸ்லைட எடுத்து வச்சுக்கிடும்’னாரு. எதுக்குவேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"‘கடைசி ரீலப் பாத்தா அவ என்னைய விட்டுப் போவ மாட்டா’ன்னாரு."

ஆபரேட்டர் அண்ணாச்சி எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"சட்டையக் கழத்தி டப்பாவுக்குச் சுத்திட்டு, மேலகரத்துல ஒரு புளியமரத்தடியில உக்காந்திருந்திருக்காரு. அந்தப் பக்கமா வந்த ஐஸ்காரன், ‘அண்ணாச்சி, அங்கன படம் நின்னுறப் போவுது, நீரு இங்கன உக்காந்திருக்கீரே’ன்னானாம். ‘பைய போவோம்’னாராம். வேலை போயிரும்னு அவருக்குத் தெரியும் பாப்பா. தெரிஞ்சேதான்."

"அந்த ரீல்ல என்னதான் அண்ணாச்சி இருந்தது?"

"ஆயிரம் ரீலு ஓட்டுனவன். எல்லாம் கலந்து போச்சு. ஆனா அத ஓட்டுனா கொட்டகையில சத்தமே இருக்காது."

அதன்பிறகு அந்தப் படத்தை நான் தேடவில்லை. போன மாதம், பேச்சுவாக்கில் இதைக் கேட்ட என் மகன் எங்கிருந்தோ அதைத் தேடி எடுத்துவிட்டான். வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டான். கட்டிப்பிடிக்கும் இடம் வந்தது. திரை வெள்ளையாகும் என்று என்னையறியாமல் காத்திருந்தேன். ஆகவில்லை. படம் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த ராஜாவுக்கு மகன் தேவையில்லை. மகனிடம் இருக்கும் சக்திதான் தேவை. அணைந்துகொண்டிருந்த தன் சூரியனில் மகனைக் கொண்டுபோய் எரிபொருளாகக் கட்டுகிறான். துருப்பிடித்த கப்பலில் இரும்புக்காரன் வருகிறான். கட்டை அறுத்துப் பையனைத் தூக்கிக் கப்பலுக்குள் போடுகிறான். கிரகம் எரியத் தொடங்கிவிட்டது, உடனே கிளம்ப வேண்டும். ஆனால் அந்தக் கதவு உள்ளேயிருந்து சாத்தாது.

இரும்புக்காரன் கீழே இறங்குகிறான். இந்த முறை யாரும் சிரிக்க மாட்டார்கள். கூரை ஓட்டைக்கு ஏறிவர நேரமில்லை என்று அவனுக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும். பையன் உள்ளேயிருந்து இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். இரும்புக்காரன் அவனைப் பார்த்து ஏதோ சொல்கிறான். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளுகிறான். கண்ணாடியில் அவன் உள்ளங்கை.

"நிறுத்துப்பா" என்றேன்.

மகன் நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "அந்த ஆள் கடைசியா என்ன சொல்றான்னு உனக்குப் புரிஞ்சுதாம்மா? தமிழ்ல சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும்.